பினாங்குத் துறைமுகச் சிறுகலங்களின் பணி வரலாறு: 1941 டிசம்பரை முன்வைத்து

பினாங்கின் கடல்வரலாறு தமிழில் எழுதப்படும்பொழுதெல்லாம் பெருங்கப்பல்களே முன்னிற்கின்றன. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் புறப்பட்டு வங்கக் கடலைக் கடந்துவந்த 'ராஜுலா'வின் பெயரை அறியாத மலேசியத் தமிழ்க் குடும்பம் அரிது. 1926ஆம் ஆண்டு கிளாஸ்கோவில் கட்டப்பட்ட அக்கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் கடலில் இருந்தது. பயணக் கதைகளிலும் குடும்ப நினைவுகளிலும் இன்றும் அது ஓடிக்கொண்டிருக்கின்றது. ஆனால் இத்தகைய கப்பல்களைத் துறையில் அணைத்து நிறுத்தியும், நங்கூரமிட்டு நின்றவற்றிலிருந்து ஆளையும் சரக்கையும் இறக்கியும், கரைக்கும் கரைக்கும் இடையே மக்களை ஏற்றிச் சென்றும் பணிபுரிந்த சிறுகலங்கள் நமது எழுத்துகளில் இடம்பெறுவதில்லை.

துறைமுகச் சிறுகலங்கள் என இங்கு நாம் குறிப்பவை நான்கு: இழுவைப்படகு, லாஞ்சு எனும் விசைப்படகு, பெர்ரி எனும் கடவுக்கலம், தொங்கான் எனும் சரக்குத் தோணி. அமைதிக் காலத்தில் வாணிகத்துக்கு உழைத்த இவற்றுள் ஒரு பகுதி 1941ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் சில நாள் கடற்படையின் கைக்குச் சென்றது. மற்றொரு பகுதி பகைவர் கைக்குச் சென்றது. அச்சில நாள்களில் இவற்றுக்கு நேர்ந்தவை மலாயாப் போரின் போக்கையே தொட்டன என்பதும், இவற்றை ஓட்டியவர்களைப் பற்றிப் போர் நூல்கள் வழங்கும் ஒரு சொல் மறுஆய்வுக்கு உரியது என்பதும் நமது கருத்தாகும்.

இழுவைப்படகும் அதன் ஏடும்

இழுவைப்படகு உடலால் சிறியது, பொறியால் பெரியது. தன்னைப் போல் பன்மடங்கு எடையுள்ள கப்பலை அசைக்க வேண்டியிருத்தலின், அதன் உடலளவுக்குப் பொருந்தாத வலிமையுடைய பொறி அதனுள் வைக்கப்படுகின்றது. இழுவடத்தை மாட்டும் கொக்கி பின்புறக் கோடியில் அமையாமல் படகின் நடுப்பகுதியை ஒட்டி அமைந்திருக்கும். கோடியில் கட்டினால் வடத்தின் இறுக்கம் படகின் பின்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். சுக்கான் திருப்பினாலும் படகு திரும்பாது. நடுவில் கட்டும்பொழுது படகு அவ்விடத்தை அச்சாகக் கொண்டு எளிதில் திரும்புகின்றது. இவ்வமைப்புக்கு ஓர் ஆபத்தும் உண்டு. இழுக்கப்படும் கப்பல் எதிர்பாராது விரைந்தாலோ விலகினாலோ, வடம் பக்கவாட்டில் இறுகிப் படகையே கவிழ்த்துவிடும். வடத்தை நொடியில் விடுவிக்கத் தெரிந்த கை கொக்கியின் அருகில் இருத்தல் வேண்டும். பொறியின் வலிமையினும் இக்கையின் பழக்கமே இழுவைப்படகைக் காப்பது எனலாம்.

கடற்படைத் துறைமுகத்தில் இதன் பணி மேலும் விரிவடைகின்றது. போர்க்கப்பலைத் துறையில் சேர்த்தல், வெடிமருந்தும் நன்னீரும் நிலக்கரியும் ஏற்றிய தோணிகளை இழுத்துச் செல்லுதல், தீயணைத்தல், பீரங்கிப் பயிற்சிக்குரிய இலக்கு மிதவையை இழுத்தல் ஆகியன யாவும் இதன் கடமைகளே. இருப்பினும், இதனைப் போர்க்கப்பலாக எவரும் கருதுவதில்லை. பிரித்தானியக் கடற்படை மரபில் துறைமுகப் பணிக் கலங்களில் பெரும்பாலானவை குடிமக்களாகிய ஊழியர்களால் ஓட்டப்பட்டன. அவர்கள் சீருடை அணியவில்லை. போர்வீரர் பட்டியலில் இடம்பெறவில்லை. போர்க்கப்பலின் நாளேடு ஆவணக் காப்பகத்தில் பேணப்படுகின்றது. இழுவைப்படகின் நாளேடோ, எத்தனை மணிக்கு எந்தக் கப்பல், எத்தனை தோணி, எவ்வளவு நிலக்கரி எனும் கணக்கோடு முடிந்து, கலம் உடைக்கப்படும்பொழுது அதனோடு மறைந்துவிடுகின்றது. துறைமுகச் சிறுகலங்களின் வரலாறு பிறர் எழுதிய போர் வரலாறுகளின் ஓரங்களிலிருந்து திரட்டப்பட வேண்டியதாக இருப்பதற்கு இதுவே காரணம்.

கால்வாயும் கரையும்

பினாங்குத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடைப்பட்ட கடற்கால்வாய் ஜோர்ஜ்டவுன் அருகில் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் அகலமுடையது. தென்மேற்குப் பருவக்காற்றின் சீற்றத்தைத் தீவே மறைத்து நிற்பதால், இது இயற்கையாக அமைந்த நல்ல துறைமுகமாயிற்று. 1786இல் பிரான்சிஸ் லைட் இங்கு இறங்கிய பின்னர் நூறாண்டுக்கும் மேலாகப் பெருங்கப்பல்கள் கால்வாயின் நடுவிலேயே நங்கூரமிட்டன. சுவெட்டன்ஹாம் துறைமேடை 1904இல் எழுந்த பிறகும் வந்த கப்பல்கள் அனைத்துக்கும் அங்கு இடமில்லை. எனவே பினாங்கின் வாணிகம் தொங்கான்களின் மேல் நடந்தது என்று சொல்வது மிகையாகாது. ஈயமும் ரப்பரும் கொப்பரையும் தொங்கான்களில் கப்பலுக்குச் சென்றன; அரிசியும் துணியும் தொங்கான்களில் கரைக்கு வந்தன.

இக்கரைப் பணியில் தமிழரின் பங்கு தொன்மையானது. சோழமண்டலக் கரையிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சூலியர் வந்து செல்வதை லைட் 1790களிலேயே குறிப்பிட்டுள்ளார். இன்றைய சூலியா தெரு அக்காலத்தில் மலபார் தெரு என வழங்கியது. அத்தெருவும் கிங் தெருவும் சந்திக்கும் முனையில், கடலோடிகளின் காவலராகப் போற்றப்படும் நாகூர் ஆண்டகையின் பெயரால் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த நினைவிடம் இன்றும் உள்ளது. கிங் தெருவின் ஒரு பகுதியைத் தமிழர் படகுக்காரத் தெரு என்றே அழைத்தனர். கடற்கரையை நோக்கி ஓடும் தெருக்களின் இறுதிப் பகுதிகள் இன்றும் காட் எனும் சொல்லால் குறிக்கப்படுகின்றன. இந்தியாவில் நீர்த்துறைப் படிக்கட்டைக் குறிக்கும் சொல்லே மலாய்ப் பெயர்ப்பலகைகளில் நிலைத்துவிட்டது.

கலம்சார் சொற்களும் இவ்வாறே ஆய்வுக்கு உரியவை. மலாய் மொழியின் காப்பால் நமது கப்பலே. சிறுகலத் தலைவனைக் குறிக்கும் தண்டல் எனும் தமிழ்ச் சொல், மலாயில் தண்டில் என வழங்கி, கூலியாள்களின் மேலாள் எனும் பொருளைப் பெற்றது. படகின் தலைவன் கரையேறிக் கங்காணியானதை இச்சொல்லின் பொருள் மாற்றமே சொல்லிவிடுகின்றது. அரபியிலிருந்து வந்த சுக்கானும் பாரசீக வழி வந்த சாரங்கும் தமிழ், மலாய் எனும் இரு மொழிகளிலும் படகோட்டிகளின் பொதுச் சொற்களாயின. ஒரே படகில் தமிழரும் மலாய்க்காரரும் சீனரும் வேலை செய்த இடத்தில் சொற்கள் எந்த மொழிக்குரியவை என்று எவரும் கேட்டிருக்கமாட்டார்கள். இங்கு ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பினாங்கின் படகுத்தொழில் தமிழருக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. வெல்டு கரைச்சாலையில் இன்றும் காணப்படும் சீனக் குலத்தார் மரத்துறைகள் சம்பான்காரர்களும் தோணிக்காரர்களும் வாழ்ந்த குடியிருப்புகளே. பெர்ரிப் பணியையும் 1894இல் முறையாகத் தொடங்கியவர் குவா பெங் கீ எனும் சீன வணிகரே ஆவார். 1920களில் அப்பணி பினாங்குத் துறைமுக வாரியத்தின் பொறுப்புக்கு மாறியது.

தொடர்வண்டித்துறைக்கும் தனியே கடவுக்கலம் இருந்தது. 1907இல் வெல்டு கரைச்சாலையில் மணிக்கூண்டுடன் எழுந்த கட்டடத்தில் பயணிகள் தொடர்வண்டிச் சீட்டுப் பெற்றனர். ஆனால் அங்குத் தண்டவாளம் இல்லை. கலத்தில் ஏறிப் பிறைக்குச் சென்ற பின்னரே வண்டியைக் கண்டனர். தண்டவாளமில்லாத தொடர்வண்டி நிலையம் என அக்கட்டடம் புகழ்பெற்றது. தோட்டங்களை நோக்கிச் சென்ற தமிழர் பலருக்கு மலாயாவில் கிட்டிய முதற்பயணம் இக்கால்வாயைக் கடந்ததே. கப்பலில் அம்மையோ வாந்திபேதியோ காணப்பட்டால் அதற்கும் முன்னர் ஜெரெஜாக் தீவின் தடுப்பு முகாமைக் காண வேண்டியிருந்தது. அங்கும் கொண்டுசேர்த்தது ஒரு சிறுகலமே.

1914: ஒரு மன்னிப்பு

பினாங்குச் சிறுகலம் ஒன்று போர் வரலாற்றில் முதன்முதலாகத் தலைகாட்டியது 1914ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் எனலாம். அதற்கு ஐந்து வாரங்களுக்கு முன்னர், செப்டம்பர் 22 இரவில் சென்னையின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டெரித்த ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன், போலியாக நான்காவது புகைபோக்கி ஒன்றை நிறுத்திக்கொண்டு விடியற்காலையில் பினாங்குத் துறைக்குள் நுழைந்தது. நங்கூரமிட்டிருந்த ருசியப் போர்க்கப்பல் ஜெம்சுக் குண்டுகளாலும் இரு நீர்மூழ்கிக் குண்டுகளாலும் தாக்கப்பட்டு மூழ்கியது. எண்பதுக்கும் மேற்பட்ட மாலுமிகள் மாண்டனர். அதன் தளபதி அன்றிரவு கரையில் தங்கியிருந்தார்.

வெளியேறும் வழியில் எம்டன் ஒரு சிறுகலத்தைக் கண்டது. காலை ஒளியில் அது பெரிதாகத் தோன்றவே, டார்பிடோப் படகு எனக் கருதிச் சுட்டது. நெருங்கியபொழுது அது ஆயுதமற்ற துறைமுக வழிகாட்டிப் படகு என்பது தெரியவந்தது, சூடு நிறுத்தப்பட்டது. வெளியே வழிகாட்டிக்காகக் காத்திருந்த கிளென்டரெட் எனும் பிரித்தானியச் சரக்குக் கப்பலை எம்டன் பின்னர்ப் பிடித்தது. பிரெஞ்சு நாசகாரிக் கப்பலான முஸ்கே வருவது கண்டு அதனை விடுவிக்க நேர்ந்தபொழுது, தளபதி கார்ல் ஃபொன் முல்லர் அதன் மாலுமித் தலைவரிடம் இரண்டு செய்திகளைச் சொல்லச் செய்தார்: ஜெம்சுக்கில் தத்தளித்தோரைக் காப்பாற்ற இயலாமல் போனதற்கு வருத்தம், ஆயுதமற்ற படகைச் சுட்டதற்கு மன்னிப்பு. முஸ்கேயும் சிறிது நேரத்தில் மூழ்கடிக்கப்பட்டது. துறைமுகப் படகு ஒன்றிடம் போர்க்கப்பல் மன்னிப்புக் கேட்டது கடற்போர் வரலாற்றில் அரிய செய்தி. அஞ்சத்தக்க சூழ்ச்சிக்காரரை எம்டன் என்று சொல்லும் வழக்கு அதற்குப் பின்னரே தமிழில் பரவிற்று. அந்த எம்டனுக்கு இப்படியும் ஒரு முகம் இருந்தது.

1941: ஓட்டுவோர் இல்லாத பெர்ரிகள்

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியர் கோத்தா பாருவில் தரையிறங்கினர். டிசம்பர் 10ஆம் நாள் குவாந்தான் கடலில் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் எனும் பிரித்தானியப் பெரும் போர்க்கப்பல்கள் இரண்டும் வான்தாக்குதலில் மூழ்கின. மறுநாளாகிய டிசம்பர் 11ஆம் நாள் ஜோர்ஜ்டவுன் மீது குண்டுவீச்சு நிகழ்ந்தது. நகரில் விமான எதிர்ப்புப் பீரங்கிகள் இல்லை. வானூர்திகளைத் தெருவில் நின்று வேடிக்கை பார்த்த மக்கள் கூட்டத்தின்மீதே குண்டுகள் விழுந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காயமுற்றனர். அடுத்த நாள்களிலும் தாக்குதல் தொடர்ந்தது. நகரில் தீ எரிந்தது. பிணங்கள் தெருக்களில் கிடந்தன. நகராட்சிப் பணிகள் நின்றன. மக்கள் ஆயிரக்கணக்கில் மலையடிவாரங்களுக்கும் கம்பங்களுக்கும் ஓடினர். துறைமுகத் தொழிலாளரும் படகோட்டிகளும் அவர்களோடு சென்றனர்.

இந்நிலையில் கால்வாயைக் கடக்கும் பெர்ரிகள் நின்றுபோயின. தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே படையினரைக் கொண்டுசெல்ல வேறு வழியில்லை. அக்காலத்தில் பாலமும் கிடையாது. எனவே சிங்கப்பூரிலிருந்து கடற்படையினர் ஒரு குழுவாக அனுப்பப்பட்டனர். அவர்கள் யார் என்பதே வியப்புக்குரியது. சில நாள்களுக்கு முன்னர்க் குவாந்தான் கடலில் தம் கப்பல்களை இழந்து, நீந்தித் தப்பிய பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் மாலுமிகளே பினாங்கின் பெர்ரிகளை ஓட்ட வந்தனர். அக்காலப் போர்க்கப்பல்களுள் மிகப் பெரியவற்றில் பணிபுரிந்தோர் பட்டர்வொர்த்துக்கும் பினாங்குக்கும் இடையே கடவுக்கலம் ஓட்டினர். டிசம்பர் 13ஆம் நாள் இரவு ஐரோப்பியப் பெண்டிரும் குழந்தைகளும் தீவிலிருந்து அகற்றப்பட்டனர். டிசம்பர் 16ஆம் நாள் இரவு எஞ்சிய ஐரோப்பியரும் காவற்படையும் வெளியேறினர். அதன் பின்னர் பெர்ரிகளும் தெற்கே சிங்கப்பூரை நோக்கிச் செலுத்தப்பட்டன.

இந்நிகழ்வைச் சொல்லும் ஆங்கில நூல்கள் பல, உள்ளூர்ப் படகோட்டிகள் பணியைக் கைவிட்டு ஓடிவிட்டனர் என்று எழுதுகின்றன. படைவீரன் அணியைவிட்டு ஓடுவதற்கு வழங்கும் சொல்லே இவர்களுக்கும் வழங்கப்படுகின்றது. இது பொருந்துமா என்று நாம் கேட்க வேண்டியுள்ளது. பெர்ரி ஊழியன் துறைமுக வாரியத்தின் சம்பள ஆள். அவன் எந்தப் படையிலும் சேரவில்லை. எந்த உறுதிமொழியும் எடுக்கவில்லை. அவனுடைய மனைவியும் மக்களும் குண்டு விழுந்த அதே தெருக்களில் இருந்தனர். அவர்களைத் தேடிச் சென்றவனை ஓடுகாலி என்பது, ஊழியனுக்குத் தராத படைவீரனின் உரிமைகளை மறந்து, படைவீரனின் கடமையை மட்டும் அவன்மீது ஏற்றுவதாகும். மேலும், அவன் திரும்பி வந்திருந்தாலும் அவன் ஓட்டும் பெர்ரியில் அவனுடைய குடும்பத்துக்கு இடம் கிடைத்திருக்காது. வெளியேற்றம் ஐரோப்பியருக்கு மட்டுமே உரியதாக நடைபெற்றது. ஆசிய மக்கள் விடப்பட்டனர். பினாங்கு மக்களில் பெரும்பான்மையோர் வெளியேற்றப்பட்டுவிட்டதாகப் பிரித்தானிய அமைச்சர் டஃப் கூப்பர் சிங்கப்பூர் வானொலியில் பேசியபொழுது, அதனைக் கேட்ட ஆசியர் கொதித்தனர். எஞ்சியிருந்த இலட்சக்கணக்கானோர் அக்கணக்கில் மக்களாகவே வரவில்லை போலும்.

வெறிச்சோடிய அந்நகரைப் பொறுப்பேற்றவருள் முதன்மையானவர் ஓர் இலங்கைத் தமிழர். ஸ்டிரெய்ட்ஸ் எக்கோ நாளிதழின் ஆசிரியராக இருந்த மாணிக்கசோதி சரவணமுத்து, பல இனத்தலைவர்களோடு சேர்ந்து பினாங்குச் சேவைக் குழுவை அமைத்தார். கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்துகொண்டிருந்த பிரித்தானியக் கொடியை இறக்கி வெள்ளைக் கொடியை ஏற்றினார். விட்டுச்செல்லப்பட்ட வானொலி நிலையத்தின் வழி, நகரில் படையினர் இல்லை, குண்டுவீச வேண்டா என ஜப்பானியருக்கு அறிவித்தார். டிசம்பர் 19ஆம் நாள் ஜப்பானியர் எதிர்ப்பின்றி நுழைந்தனர். சரவணமுத்து பின்னர் அவர்களால் சிறைப்படுத்தப்பட்டார். தம் வாழ்க்கை வரலாற்றை 1970இல் 'தி சாரா சாகா' எனும் ஆங்கில நூலாக அவர் வெளியிட்டார். தமிழ் வாசகர் அதனை இன்னும் பரவலாக அறியாதிருப்பது வருந்தத்தக்கது.

விடப்பட்ட படகுகள்

பிரித்தானியர் வெளியேறும் முன்னர்க் கோட்டைப் பீரங்கிகளை அழித்தனர். ஆனால் இரண்டு பொருள்களை அழியாமல் விட்டனர். ஒன்று, மேற்கூறிய வானொலி நிலையம். மற்றொன்று, துறைமுகத்தில் கட்டிக்கிடந்த சிறுகலங்கள். இருபதுக்கும் மேற்பட்ட விசைக்கலங்களும் அவற்றோடு பல தோணிகளும் தொங்கான்களும் சேதமின்றி ஜப்பானியர் கையில் கிடைத்ததாகப் பிரித்தானிய அதிகாரபூர்வப் போர் வரலாறு ஒப்புக்கொள்கின்றது. வானொலி நிலையம் உடனே ஜப்பானியப் பரப்புரைக்குப் பயன்பட்டது. படகுகள் அதனினும் பெரிய பயனைத் தந்தன.

அப்பயனை அறிய, மேற்குக் கடற்கரையின் போர்நிலையைச் சிறிது காண வேண்டும். பின்வாங்கிய 11ஆவது இந்தியப் படைப்பிரிவு பேராக் மாநிலத்தின் கம்பாரில் நிலைகொண்டது. ஒருபுறம் மலை, மறுபுறம் திறந்த ஈயவயல், பீரங்கிக்கு வாய்ப்பான இடம். 1941 டிசம்பர் 30 முதல் நான்கு நாள் நடந்த போரில் ஜப்பானியரின் நேர்த் தாக்குதல் இங்குத் தடைப்பட்டது. பஞ்சாபியர், சீக்கியர், கூர்க்கர், ஆங்கிலேயர் எனப் பலரும் அங்குக் கடுமையாகப் போரிட்டனர். மலாயாப் போரில் ஜப்பானியர் உண்மையாகவே தடுத்து நிறுத்தப்பட்ட மிகச்சில இடங்களுள் கம்பார் ஒன்று.

ஆனால் அந்நிலை உடைந்தது மலையிலன்று, கடலில். சயாமின் சொங்க்லாவிலிருந்து தரைவழி கொண்டுவரப்பட்ட இறங்குகலங்களையும் பினாங்கில் கைப்பற்றிய படகுகளையும் சேர்த்து ஜப்பானியர் ஒரு சிறு தொகுதியை அமைத்தனர். அது கடற்கரையோரமாகத் தெற்கே சென்று, 1942 புத்தாண்டை ஒட்டிய நாள்களில் பேராக் ஆற்று முகத்துக்குள் நுழைந்தது. ஊத்தான் மெலிந்தாங்கிலும், இன்று தெலுக் இந்தான் என வழங்கும் தெலுக் அன்சனிலும் படையினர் இறங்கினர். கம்பாருக்குப் பின்புறமுள்ள சாலை அறுபடும் நிலை தோன்றியது. வெற்றியோடு நின்ற படைப்பிரிவு ஜனவரி 2ஆம் நாள் இரவு பின்வாங்க வேண்டியதாயிற்று. ஜனவரி 7ஆம் நாள் சிலிம் ஆற்றுப் பகுதியில் அதே பிரிவு சிதைக்கப்பட்டது. ஜனவரி 11ஆம் நாள் கோலாலம்பூர் வீழ்ந்தது.

பினாங்குப் படகுகள் மட்டுமே கம்பாரை வீழ்த்தின என்று நாம் கூறவில்லை. ஜப்பானியர் தம் சொந்தக் கலங்களையும் வைத்திருந்தனர். எனினும், கரையோரமாகப் பின்புறம் இறங்கும் முறை அவர்களுக்கு எளிதானதற்கு அப்படகுகள் உதவின என்பதில் ஐயமில்லை. சிறுகலங்கள் அழிக்கப்படாமை குறித்துச் சர்ச்சிலும் பின்னர்ச் சினந்து எழுதினார். இது ஏன் நேர்ந்தது? வெளியேற்றம் அவசரமும் மறைவும் உடையதாக இருந்தது முதற்காரணம். மற்றொரு காரணத்தை நாம் ஊகமாகவே முன்வைக்கின்றோம். ஒரு துறைமுகத்தில் எந்த லாஞ்சு எந்தத் துறையில் கட்டப்பட்டுள்ளது, எதன் பொறி ஓடும், எதன் கொதிகலன் பழுது, எந்தத் தோணி எந்தக் கழிமுகத்தில் கிடக்கும் என்பன எழுத்தில் இருப்பதில்லை. சாரங்குகளும் தண்டல்களும் அறிந்தவை அவை. அவர்களை நகரத்து மக்களோடு கைவிட்ட ஆட்சி, அவர்களுடைய அறிவையும் கைவிட்டது. குவாந்தானிலிருந்து தப்பி வந்த மாலுமிகள் பெர்ரியை ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கலாம். துறைமுகத்தை அறிய அவர்களுக்கு ஏது நேரம்?

நீர்மூழ்கிகளின் துறை

1942 தொடக்கத்திலிருந்து பினாங்கு ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல்களின் தளமாயிற்று. 1943இல் ஜெர்மானிய நீர்மூழ்கிகளும் இங்கு வந்து தங்கின. நீர்மூழ்கி நீருக்கடியில் எத்துணை வலியதாயினும், துறைக்குள் பிறர் உதவியின்றி நகர்வதற்கு எளியதன்று. எண்ணெய்க்கும் நன்னீருக்கும் உணவுக்கும் சிறுகலங்களையே நம்பி நின்றது.

இத்தளத்திலிருந்து புறப்பட்ட இரு பயணங்கள் இந்திய விடுதலை வரலாற்றைச் சார்ந்தவை. பினாங்கில் பயிற்சி பெற்ற இந்திய இளைஞர் சிலர் 1942 செப்டம்பரில் நீர்மூழ்கி வழி சென்று, கேரளத்தின் தானூர்க் கரையில் சிறு மிதவையில் இறங்கிப் பிடிபட்டனர். அம்முயற்சிகளில் தொடர்புற்ற வக்கம் அப்துல் காதர் உள்ளிட்ட நால்வர் 1943 செப்டம்பர் 10ஆம் நாள் சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். மற்றொன்று, 1943 ஏப்ரலில் பினாங்கிலிருந்து புறப்பட்ட ஐ-29 எனும் நீர்மூழ்கியின் பயணம். மடகாஸ்கருக்கு அப்பால் அலைகொந்தளிக்கும் கடலில், ஜெர்மானிய யு-180இலிருந்து ரப்பர் மிதவை ஒன்றின் வழியாகச் சுபாஷ் சந்திர போஸ் அதற்கு மாறினார். மே மாதத்தில் சுமத்திராவை அடுத்த சபாங்கில் கரையேறினார். மலாயாத் தமிழர் பல்லாயிரவர் வாழ்வைத் திருப்பிய அப்பயணத்திலும் இரு பெருங்கலங்களுக்கு இடையே நின்றது ஒரு சிறுமிதவையே.

1944 அக்டோபர் 27ஆம் நாள் இரவு, இந்தியாவிலிருந்து பறந்துவந்த பிரித்தானிய லிபரேட்டர் வானூர்திகள் பினாங்குத் துறைமுக வாயில்களில் கடற்கண்ணிகளை இட்டன. போய்த் திரும்ப ஏறத்தாழ மூவாயிரம் மைல் பறந்த நெடும்பயணம் அது. கண்ணிவெடி வாணிகக் கலத்தையும் போர்க்கலத்தையும் பிரித்தறிவதில்லை. ஜெர்மானியர் தம் நீர்மூழ்கிகளைப் பட்டாவியாவுக்கு மாற்றிக்கொள்ள முடிந்தது, துறைமுகத் தோணிக்காரருக்கு மாறிச் செல்ல வேறு துறை இல்லை. 1945 செப்டம்பர் 2ஆம் நாள் எச்.எம்.எஸ். நெல்சன் கப்பலில் ஜப்பானிய ரியர் அட்மிரல் உவோசுமி பினாங்கை ஒப்படைத்துக் கையொப்பமிட்டார். மறுநாள் பிரித்தானியக் கடற்படை வீரர்கள் ஜோர்ஜ்டவுனில் இறங்கினர்.

பிற்காலம்

போருக்குப் பிந்திய வரலாறு பலரும் அறிந்ததே, சுருங்கக் கூறுவோம். 1956இல் பினாங்குத் துறைமுக ஆணையம் நிறுவப்பட்டது. 1950களின் இறுதியில் இரு கரைகளிலும் புதிய தளங்கள் எழ, வண்டிகளை ஒரு தட்டிலும் மக்களை மறுதட்டிலும் ஏற்றும் ஈரடுக்குப் பெர்ரிகள் வந்தன. மலேசியத் தீவுகளின் பெயர்கள் அவற்றுக்கு இடப்பட்டன. பட்டர்வொர்த்தில் ஆழ்நீர்த் துறைமேடைகள் அமைந்த பின்னர்த் தொங்கான்களின் காலம் முடிந்தது. அத்தொழிலோடு கரைப்பணித் தமிழர் பலரும் வேறு தொழில்களுக்குச் சென்றனர். 1985இல் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது.

1988 ஜூலை 31ஆம் நாள் பட்டர்வொர்த்திலுள்ள சுல்தான் அப்துல் ஹலீம் தளத்தின் நடைமேடை மக்கள் நெரிசலால் இடிந்து விழுந்தது. புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னம்மாள் திருவிழாவும் சீனர் வழிபாட்டு விழாவும் ஒன்றாக அமைந்த நாள் அது. 32 பேர் உயிரிழந்தனர். 1,600க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். பெர்ரிப் பணியின் நெடிய வரலாற்றில் மக்கள் மறக்காத துயரம் இதுவே. கலத்தால் விளைந்ததன்று என்றாலும், பெர்ரி என்றவுடன் முதியோர் பலர் இதனையே பேசுகின்றனர்.

ஈரடுக்குப் பெர்ரிகளின் வண்டிப்பணி 2020 டிசம்பர் 31ஆம் நாளோடு நிறைவுற்றது. 2023 ஆகஸ்டில் நான்கு புதிய இரட்டையுடல் கலங்கள் அக்கால்வாயில் ஓடத் தொடங்கின. அவை நடந்து வருவோரையும் மிதிவண்டியையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றுகின்றன, கார்களை ஏற்றுவதில்லை. பழைய கலங்கள் தீவுகளின் பெயரைத் தாங்கியதைப் போல இவை தெலுக் எனத் தொடங்கும் விரிகுடாப் பெயர்களைத் தாங்கியுள்ளன. ஜோர்ஜ்டவுன் கரையில் அவை வந்து நிற்கும் தளத்திலிருந்து காட் லெபோ சூலியா வழியாக நடந்தால், படகுக்காரத் தெரு எனத் தமிழர் அழைத்த கிங் தெருவை அடைந்துவிடலாம்.